பெகு பக்கம் 60 ஏக்கரில் ஆமணக்கு: கேட்டவருக்கு ஒரு விரிவான பதில்

பர்மாவில் பெகு யோமா மலையின் அடிவாரத்தில் உங்கள் உறவினர்களின் பன்னிரண்டு குடும்பங்களுக்குமாகச் சேர்த்து 60 ஏக்கர் மேட்டு நிலம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆமணக்கு எண்ணெயிலிருந்து நைலான், கிரீஸ், பெயின்ட் என்று பல பொருள்கள் செய்கிறார்கள் என்று படித்ததாகவும், அப்படியிருக்க பர்மாவில் இதை ஏன் யாரும் பெரிய அளவில் பயிரிடவில்லை, தடை எங்கே இருக்கிறது, அதைத் தாண்ட வழி உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு பயிரைப் பற்றிய கேள்விதான். ஆனால் இரண்டு முறை படித்த பிறகு, நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று எனக்குப் பட்டது. வேலியோரத்தில் தானாக முளைத்துக் காய்க்கும் ஒரு செடி ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு ஏன் விரிவதில்லை என்பதே உங்கள் கேள்வி. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் எண்ணெய் வேதியியல் படித்தவன். முப்பது ஆண்டுகளுக்கு மேல், முதலில் நடுப் பர்மாவின் வறண்ட மகுவே பக்கம் கடலையும் எள்ளும் ஆட்டும் ஒரு மில்லிலும், பிறகு ரங்கூனில் சோப்பும் சாயப்பட்டறை எண்ணெயும் செய்த ஒரு சிறு தொழிற்கூடத்திலும் வேலை பார்த்தேன். வித்து மில் வாசலுக்கு வந்து சேர்ந்த பிறகு அதற்கு என்ன ஆகிறது என்பதை உறுதியோடு சொல்வேன். வயலைப் பற்றி நான் சொல்வது, விவசாயிகளோடு பழகியும் ஒரு முறை நானே அரை ஏக்கர் போட்டுப் பார்த்தும் அறிந்துகொண்டது. ஆகவே அந்தப் பகுதியை ஒரு வேளாண் ஆய்வாளரின் சொல்லாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாததைச் சொல்லிவிடுகிறேன். ஆமணக்கு எண்ணெயின் மதிப்பைப் பற்றி நீங்கள் படித்தது மிகையன்று. அதில் உள்ள கொழுப்பு அமிலத்தில் 85 முதல் 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம் என்ற ஒன்றே. அதன் கரிமச் சங்கிலியில் 12ஆம் இடத்தில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு ஹைட்ராக்சில் தொகுதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாம் அன்றாடம் பயன்படுத்தும் கடலை, எள், பாமாயில் எதிலும் இந்த அமைப்பு இல்லை. விளக்கெண்ணெய் அவ்வளவு கெட்டியாக இருப்பதற்கும், சாராயத்தில் கரைவதற்கும், வேதியியல் தொழிற்சாலைகள் அதைத் தேடி வருவதற்கும் இந்த ஒரு தொகுதிதான் காரணம். காரத்தோடு சேர்த்து உயர் வெப்பத்தில் உருக்கினால் செபாசிக் அமிலம் கிடைக்கிறது. வேறொரு வழியில் பிளந்தால் நைலான் 11 செய்வதற்கான மூலப்பொருள் கிடைக்கிறது. அந்த நைலானை பிரான்சில் 1950களிலேயே தொழில் அளவில் செய்யத் தொடங்கிவிட்டார்கள். ஹைட்ரஜன் ஏற்றினால் கிரீஸ் தொழிலுக்கு வேண்டிய மெழுகு கிடைக்கிறது. எனவே தேவை உண்மை, அது புதிதும் அன்று. அந்தத் தேவைக்கும் உங்கள் 60 ஏக்கருக்கும் இடையே என்ன இருக்கிறது என்பதுதான் பிரச்சினை.

இந்த நாட்டில் அதைப் பேசும்போது 2005ஐத் தாண்டிப் போக முடியாது. அந்த ஆண்டு டிசம்பரில், அப்போது ஆட்சியிலிருந்த ராணுவத் தலைவர் தான் ஷ்வேயின் ஆணைப்படி, 14 மாநிலங்களும் பிரிவுகளும் ஒவ்வொன்றும் 5 லட்சம் ஏக்கர் காட்டாமணக்கு (இது ஆமணக்கு அன்று, வேறொரு செடி) நட வேண்டும் என்ற இயக்கம் தொடங்கியது. டீசலுக்குப் பதில் அதன் எண்ணெய் என்பது திட்டம். சாலையோரம், பள்ளி வளாகம், அலுவலக முற்றம், வீட்டு வேலி என்று எங்கும் நட்டார்கள். பல ஊர்களில் கன்றையும் விதையையும் மக்களே காசு கொடுத்து வாங்க நேர்ந்தது. வித்தைத் தின்ற பிள்ளைகள் வாந்தியும் வயிற்றுப்போக்குமாய்க் கிடந்த செய்திகள் வந்தன. எண்ணெய் வந்ததா என்றால், நட்ட அளவோடு ஒப்பிட ஒன்றும் வரவில்லை. தரிசில் நீரில்லாமல் வளரும் என்று சொன்னது பொய்யன்று, அந்தச் செடி தரிசில் உயிரோடு இருக்கும். ஆனால் உயிரோடு இருப்பது வேறு, காய்ப்பது வேறு. தேர்ந்தெடுத்து மேம்படுத்திய இரகம் எதுவும் இல்லாத, ஏறக்குறையக் காட்டுச் செடியாகவே இருந்த ஒன்றை இலட்சக்கணக்கான ஏக்கரில் நட்டுவிட்டு, காயை யார் பறிப்பது, எங்கே ஆட்டுவது, எந்த விலைக்கு யார் வாங்குவது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். இந்தியாவிலும் 2003இல் அறிவித்த காட்டாமணக்கு டீசல் திட்டம் இதே காரணங்களால் இலக்கின் அருகில்கூடப் போகவில்லை.

இதை நான் பழங்கதையாகச் சொல்லவில்லை. தமிழில் ஆமணக்கு, காட்டாமணக்கு என்று இரண்டுக்கும் உறவு வைத்துச் சொல்வதைப் போலவே, பர்மியரும் இரண்டையும் கியெட்சூ என்று சொல்வதுண்டு. பக்கத்து நிலத்துக்காரரிடம் போய்க் கியெட்சூ போடலாமா என்று கேட்டுப் பாருங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்வார். உங்கள் 60 ஏக்கரைத் தாண்டி வளர வேண்டுமென்றால் அந்த மனிதர் உங்களோடு வர வேண்டும். எனவே நீங்கள் சந்திக்கப்போகும் முதல் தடை மண்ணிலும் இல்லை, மழையிலும் இல்லை. ஒரு முறை ஏமாந்தவரின் நினைவில் இருக்கிறது. சிறு அளவில் செய்து, விற்று, பணத்தைக் கையில் வாங்கிக் காட்டுவதைத் தவிர அதற்கு வேறு மருந்து எனக்குத் தெரிந்து இல்லை.

மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெகுவில் ஆண்டு மழை 3000 மில்லிமீட்டரைத் தாண்டும். மகுவேயில் அது 1000க்கும் கீழே. ஆமணக்கு இரண்டாவது வகை ஊருக்கான பயிர். பல ஆண்டுகளுக்கு முன் பெகு பிரிவின் லெட்படான் பக்கம் ஒரு நண்பரின் மேட்டு நிலத்தில் ஜூலையில் அரை ஏக்கர் விதைத்தேன். செடி ஆள் உயரத்துக்கு, கண் நிறையும்படி வந்தது. செப்டம்பர் கடைசியில் குலை தள்ளிய பின் மூன்று நாள் விடாமல் மழை. நான்காம் நாள் காலையில் போய்ப் பார்த்தபோது காய்களின் மேல் நீலம் பாரித்த புள்ளிகளும், சிலவற்றில் மஞ்சள் நிறத் துளிகளும் இருந்தன. அடுத்த வாரத்துக்குள் குலை முழுவதும் சாம்பல் நிறப் பஞ்சு போர்த்தியதுபோல் ஆகிவிட்டது. தொட்டால் காய் நசுங்கியது. சாம்பல் பூசணம் என்று இதைச் சொல்வார்கள். ஈரக்காற்றும் தொடர் மழையும் உள்ள இடத்தில் பூக்கும் காலம் மாட்டிக்கொண்டால் மருந்தடித்துத் தப்பிப்பது கடினம். ஆகவே பெகு பக்கம் மழைக்காலப் பயிராக ஆமணக்கு வேண்டாம் என்பதை நான் உறுதியாகவே சொல்வேன். அக்டோபர் கடைசியில், மண்ணில் ஈரம் இருக்கும்போது விதைத்து, திங்யான் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன் பறித்து முடிக்கும் குறுகிய வயது இரகம் ஒன்றுதான் பொருந்தும். உங்கள் மண்ணில் அப்படிப் போட்டால் எவ்வளவு வரும் என்பதை உங்கள் நிலத்தில் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அக்டோபர் என்று சொன்னவுடன் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள்: அப்போது உளுந்தை எங்கே போடுவது? இதுதான் என் பார்வையில் மிகப் பெரிய தடை. இதைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் தடையும் இதுதான். பெகுவில் ஆமணக்குக்குப் போட்டி வெறும் தரிசு அன்று. மூன்றே மாதத்தில் வரும், மண்ணுக்குத் தழைச்சத்தை விட்டுச் செல்லும், அறுத்த வாரமே மண்டியில் விலை போகும் உளுந்தோடும் பாசிப்பயறோடும் அது போட்டியிட வேண்டும். தமிழ்நாட்டில் இட்லிக்கு அரைக்கும் உளுந்தில் ஒரு பங்கு நம் பக்கத்து வயலிலிருந்து போனது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆமணக்கோ ஐந்தாறு மாதம் நிலத்தைப் பிடித்துக்கொள்ளும். தழைச்சத்தைத் தராது, எடுத்துக்கொள்ளும். எனவே ஏக்கருக்கு எவ்வளவு ஆமணக்கு வரும் என்ற கணக்கை மட்டும் போட்டால் போதாது. அதே ஏக்கரில் உளுந்து தந்ததைவிட எவ்வளவு மிஞ்சும் என்ற கணக்குதான் உங்கள் பன்னிரண்டு குடும்பங்களையும் இழுக்கும் அல்லது விலக்கும்.

ஆனால் இதே கணக்கில் ஆமணக்குக்கு ஆதரவான ஒரு பக்கமும் உண்டு. 2017 ஆகஸ்டில் இந்தியா துவரைக்கும் உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் இறக்குமதி வரம்பு விதித்தபோது நம் பக்கத்தில் என்ன நடந்தது என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒரே பயிர், ஒரே நாடு, ஒரே வாங்குபவர் என்றிருந்தால் அங்கே ஒரு தாளில் போடும் கையெழுத்து இங்கே களத்து மேட்டில் வந்து விழும். நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கை வேறொரு சந்தைக்கான பயிருக்கு ஒதுக்குவது அந்த அடியைத் தாங்க உதவும். முழு 60 ஏக்கரையும் மாற்றுவது அந்த ஆபத்தையே வேறு பெயரில் திரும்ப வாங்குவதாகும், ஏனென்றால் உலக ஆமணக்கு எண்ணெய் ஏற்றுமதியில் பெரும்பங்கு இந்தியாவுடையது, விலை குஜராத்தில்தான் நிர்ணயமாகிறது. அங்கேயும் அது அமைதியான விலையன்று. 2016 ஜனவரியில் விலை சரிவின்போது ஆமணக்கு முன்பேர வணிகத்தையே நிறுத்த வேண்டியிருந்தது.

குஜராத் எப்படி அந்த இடத்துக்கு வந்தது என்பதைத் தெரிந்துகொள்வது உங்களுக்குப் பயன்படும். அமெரிக்காவின் டெக்சாஸிலிருந்து வந்த, பெண் பூக்களே மிகுந்த ஒரு செடி வம்சத்திலிருந்து குஜராத்தின் விஜாப்பூரில் தேர்ந்தெடுத்த தாய்ச் செடியைக் கொண்டு 1968இல் ஜி.சி.எச். 3 என்ற கலப்பினத்தை வெளியிட்டார்கள். இந்தியாவில் ஆமணக்கில் வணிக அளவில் வந்த முதல் கலப்பினம் அதுவே. ஆனால் கலப்பினம் தனியாக ஒன்றும் செய்துவிடவில்லை. கிணற்றுப் பாசனம் இருந்தது, வறண்ட காற்று இருந்தது, விதை பெருக்கித் தரும் ஏற்பாடு இருந்தது, வித்தை அன்றே வாங்கும் மண்டிகளும் மில்களும் இருந்தன, காண்ட்லா துறைமுகம் பக்கத்தில் இருந்தது. இவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு பல பத்தாண்டுகளில் வளர்ந்தன. அங்கே பாசனத்தில் எக்டேருக்கு 2 டன்னைச் சுற்றி வருகிறது. நம் பர்மியக் கணக்கில் (ஒரு வீசை ஏறக்குறைய 1.63 கிலோ) ஏக்கருக்கு ஏறக்குறைய 495 வீசை. மழையை மட்டும் நம்பிய தென்னிந்தியச் செம்மண் நிலங்களில் அதில் பாதிகூட வருவதில்லை. யாராவது உங்களிடம் குஜராத் விளைச்சலைக் காட்டி ஆமணக்கு விதை விற்க வந்தால், கிணறு எங்கே என்று கேளுங்கள்.

விதையைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். கலப்பினப் பயிரிலிருந்து எடுத்த முத்தை, அதாவது அதன் வித்தை, அடுத்த ஆண்டு விதைத்தால் பயிர் ஒரு சீராக வராது, ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வாங்க வேண்டும். 2011ஆம் ஆண்டின் விதைச் சட்டமும் பயிர்நோய்த் தடுப்பு அனுமதியும் இருப்பதால், சூட்கேஸில் கொண்டுவருவது வழியன்று. சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்குமாகவே ஒரு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அவர்கள் மானாவாரி நிலத்தை மனத்தில் வைத்து வேலை செய்பவர்கள். யெசினில் உள்ள பர்மிய அரசின் வேளாண் ஆராய்ச்சித் துறை வழியாக முறையாகக் கேட்டு இரண்டு மூன்று இரகங்களை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. கலப்பினத்தைவிட, விதையை நீங்களே எடுத்து வைத்துக்கொள்ளக்கூடிய இரகத்தில் தொடங்குங்கள் என்பது என் யோசனை. நிலத்தைப் பயன்படுத்தும் உரிமைச் சான்றான 7ஆம் எண் படிவம் யார் பெயரில் இருக்கிறது, அதில் என்ன வகை நிலம் என்று குறித்திருக்கிறது என்பதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். நெல் நிலம் என்றிருந்தால் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி பயிர் மாற்ற அனுமதி வேண்டும்.

பறிப்பதில் உள்ள சிக்கலை நேரில் பார்க்காதவர்கள் உணர்வதில்லை. ஒரே செடியில் முதல் குலை காய்ந்து வெடிக்கும் நேரத்தில் இரண்டாம் குலை பச்சையாகவும் மூன்றாம் குலை பூவாகவும் இருக்கும். ஒரே குலையில்கூட அடிக்காய் முற்றும்போது நுனிக்காய் முற்றியிருக்காது. விட்டால் வெடித்துச் சிதறும், முந்திப் பறித்தால் எண்ணெய் குறையும். மூன்று நான்கு முறை ஆள் இறங்க வேண்டும். பறித்த குலைகளைக் களத்தில் காயப்போட்டால் உச்சி வெயிலில் பட்பட்டென்று வெடித்து முத்து பத்தடி தள்ளிப் போய் விழும். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. வெடிக்காத காயைத் தடியால் அடித்தால் முத்தின் ஓடு விரியும். ஓடு விரிந்த முத்துக்குள் இருக்கும் நொதி உடனே வேலையைத் தொடங்கி எண்ணெயைப் பிளக்கும்; ஒரு மாதம் கழித்து ஆட்டினால், எண்ணெய் எவ்வளவு பிளந்து கெட்டிருக்கிறது என்று காட்டும் அமில எண் ஏறி நிற்கும். வெளிநாட்டு வாங்குபவர் நல்ல தரத்துக்குக் கேட்பது பெரும்பாலும் அமில எண் 2க்குள். தடியடித்து, ஈரமூட்டையில் கட்டி, இரண்டு மாதம் குடிசைத் தரையில் கிடந்த வித்தில் அதை எட்ட முடியாது. ஊரில் பிள்ளைகள் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் போய்விட்ட காலத்தில் நான்கு முறை பறிக்க ஆள் எங்கே என்பதை விதைப்பதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். இயந்திரத்தால் அறுக்கக்கூடிய குட்டை இரகங்கள் உலகில் உண்டு. அவை பெரிய சமவெளிப் பண்ணைக்கானவை, யோமா அடிவாரத்துச் சரிவில் அவற்றை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

இனி மில். என் தொழில் இதுவென்பதால் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். கடலையும் எள்ளும் ஆட்டும் மில்லில் ஆமணக்கை ஒரு நாளும் ஆட்டக் கூடாது. செக்கானாலும் எக்ஸ்பெல்லர் என்ற திருகு இயந்திரமானாலும் அதன் மூலை முடுக்கில் தங்கும் எண்ணெயும் புண்ணாக்கும் அடுத்து ஆட்டும் சமையல் எண்ணெயோடும் மாட்டுத் தீவனத்தோடும் கலக்கும். ஆமணக்குப் புண்ணாக்கில் ரிசின் என்ற கொடிய நச்சுப் புரதம் இருக்கிறது. அது எண்ணெயில் கரையாது என்பதால் எண்ணெய்க்குள் வராது, புண்ணாக்கிலேயே தங்கும். ஈரத்தோடு நன்றாகச் சூடாக்கினால் அதன் நச்சுத்தன்மை போகும். ஆனால் இன்னொரு வகைப் புரதம் வெப்பத்துக்கும் அசையாமல் நின்று, தூசியாகப் பறந்து, வேலையாட்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கண்ணெரிச்சலும் மூச்சிரைப்பும் உண்டாக்கும். நான் இருந்த இடத்தில் ஒரு முறை இந்தியாவிலிருந்து வந்த ஆமணக்குப் புண்ணாக்கு மூட்டைகளைத் தீவன மூட்டைகளின் பக்கத்தில் அடுக்கிவிட்டார்கள். கிழிந்த மூட்டையிலிருந்து சிந்தியதைத் தின்ற இரண்டு நாய்கள் மறுநாள் செத்துக் கிடந்தன. மூட்டை தூக்கிய ஒருவர் ஒரு வாரம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து தனிக் கிடங்கு, தனிச் சாக்கு, தனித் துடைப்பம் என்று வைத்தோம். பெரிய அளவுக்குப் போவதென்றால் ஆமணக்குக்கு மட்டுமேயான ஒரு மில் வேண்டும். அந்த மில் ஆண்டில் பத்து நாள் மட்டும் ஓடினால் போட்ட முதல் திரும்பாது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பாசனமில்லாமல் ஏக்கருக்கு 300 கிலோ, அதாவது ஏறக்குறைய 184 வீசை வருவதாக வைத்துக்கொண்டால், 60 ஏக்கரில் 18 டன் முத்து. முத்தில் 45 சதவீதத்துக்கு மேல் எண்ணெய் இருந்தாலும், இந்த எண்ணெயின் கெட்டித்தன்மையால் சாதாரண எக்ஸ்பெல்லர் பத்தில் ஒரு பங்கு அளவு எண்ணெயைப் புண்ணாக்கில் விட்டுவிடும். கையில் 40 சதவீதம் வரும். ஆக 7 டன் எண்ணெய். ஏற்றுமதிக்கு ஒரு கொள்கலனுக்குள் விரிக்கும் பை கொள்வது ஏறக்குறைய 20 டன். உங்கள் பன்னிரண்டு குடும்பங்களின் ஓராண்டு உழைப்பு ஒரு கொள்கலனில் மூன்றில் ஒரு பங்கை நிரப்பும். மாதம் ஒரு கொள்கலன் என்று ஒரு வாங்குபவரிடம் வாக்குக் கொடுக்க வேண்டுமானால் ஆண்டுக்கு 600 டன் முத்து வேண்டும், அதற்கு 2000 ஏக்கர் வேண்டும். நைலானோ செபாசிக் அமிலமோ செய்யும் ஆலைகளுக்கு அதுவும் சிறிய அளவுதான். இன்னொரு பக்கம், 2022 முதல் ஏற்றுமதியில் வரும் டாலரில் ஒரு பங்கை அரசு நிர்ணயித்த விலையில் மாற்ற வேண்டிய விதி. மகுவே, சகாயின் பக்கத்துச் சண்டை நிலைமையால் வடக்கிலிருந்து வித்து கொண்டுவருவதில் உள்ள தடங்கல். மின்வெட்டால் டீசலில் ஓடும் எக்ஸ்பெல்லர். இவை எல்லாவற்றையும் கூட்டினால், முதல் ஆண்டிலேயே ஏற்றுமதி என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

ஆனால் முதல் 7 டன்னை இந்த நாட்டுக்குள்ளேயே விற்க முடியும் என்று நம்புகிறேன். இது என் கணிப்பு, உறுதியன்று. ஆனால் வெறும் ஆசையும் அன்று. அமரபுரத்துத் தறிகளுக்கு நூல் சாயமேற்றுபவர்கள், தோல் பதனிடுபவர்கள், சோப்புக் காய்ச்சுபவர்கள், இவர்கள் எல்லாருக்கும் துருக்கிச் சிவப்பு எண்ணெய் என்று வணிகத்தில் சொல்லும் பொருள் தேவை. ஆமணக்கு எண்ணெயில் கந்தக அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பனிக்கட்டியால் சூட்டை 35 டிகிரிக்குள் நிறுத்தி, பல மணி நேரம் கலக்கி, உப்புநீரில் கழுவி, காரத்தால் சமன்செய்து எடுப்பது அது. அமிலத்தைக் கையாளத் தெரிந்த ஒருவர் கூட இருந்தால் சிறு தொழிற்கூடத்திலேயே செய்யலாம், தெரியாதவர் தொடவே கூடாது. நாங்கள் அதை மும்பையிலிருந்து வந்த எண்ணெயில் செய்தோம். வெளிநாட்டுப் பணம் கிடைப்பது அரிதான காலத்தில், உள்ளூரில் தரமான விளக்கெண்ணெய் கிடைத்தால் வாங்கிக்கொள்ளப் பட்டறைக்காரர்கள் பலர் இருப்பார்கள். தரமான என்ற சொல்லை அழுத்திச் சொல்கிறேன். வரும் பீப்பாயிலிருந்து ஒரு சோதனைக் குழாயில் எண்ணெயும் அதே அளவு தூய சாராயமும் ஊற்றிக் குலுக்குவேன். சுத்தமான விளக்கெண்ணெய் என்றால் கண்ணாடிபோல் தெளிவாக நிற்கும். பாமாயிலோ கடலை எண்ணெயோ சிறிது கலந்திருந்தாலும் பால்போல் கலங்கிவிடும். அரை நிமிடச் சோதனைதான். உங்கள் முதல் பீப்பாய் தெளிவாக நின்றுவிட்டால் அடுத்த பீப்பாய்க்குத் தேடிக்கொண்டு வருவார்கள்.

புண்ணாக்கைத் தூக்கி எறியும் பொருளாக நினைக்க வேண்டாம். 18 டன் முத்திலிருந்து 10 டன்னுக்கு மேல் புண்ணாக்கு வரும். அதில் தழைச்சத்து 4 முதல் 5 சதவீதம்; மொத்தத்தில் 20 மூட்டை யூரியாவுக்கு ஒப்பு. உங்கள் நெல் வயலுக்கே போட்டுக்கொள்ளலாம், நாயும் கோழியும் மாடும் தொடாதபடி உடனே மண்ணுக்குள் உழுதுவிட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. உர விலை இருக்கும் நிலையில், ஆமணக்கை உளுந்தோடு ஒப்பிடும் கணக்கில் இந்த 20 மூட்டையையும் சேர்த்தால்தான் கணக்கு நேர்மையானது.

அடுத்து, யாராவது ஒரு நிறுவனம் வந்து விதையும் முன்பணமும் தருகிறோம், ஒப்பந்தம் போடுங்கள் என்றால் என்ன செய்வது என்றும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நம் சமூகத்துக்கு இதில் ஒரு கசப்பான நினைவு உண்டு. 1930இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கடன் கொடுத்து வந்த செட்டியார்களின் கையில் இருந்த நிலம் 6 சதவீதம், நெல் விலை சரிந்த சில ஆண்டுகளுக்குள், 1938இல், அது 25 சதவீதம். கடன் கொடுத்தவர்கள் நிலத்தை விரும்பி எடுத்தார்கள் என்பதைவிட, பயிரின் விலை விழுந்தபோது ஈடாக இருந்தது நிலம் ஒன்றே என்பதுதான் நடந்தது; உழுதவர்கள் நிலத்தை இழந்தார்கள், கொடுத்தவர்கள் பின்னால் அதையும் இழந்து பெரும்பாலோர் நாட்டையும் விட்டுப் போனார்கள். எனவே எந்த ஒப்பந்தத்திலும் முன்பணத்துக்கு ஈடாக நிலத்தை எழுதிக்கொடுக்காதீர்கள். விலையைக் குஜராத் விலையோடு பிணைத்து, அதற்குக் கீழே ஓர் அடிவிலையையும் எழுதச் சொல்லுங்கள். அந்த அடிவிலை, அதே ஏக்கரில் உளுந்து போட்டிருந்தால் கிடைத்திருக்கும் தொகையைவிடக் குறையாமல் இருக்க வேண்டும். அடிவிலையை எழுத மறுக்கும் வாங்குபவர் விலைச் சரிவின் சுமை முழுவதையும் உங்கள் தலையில் வைக்கிறார் என்று பொருள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லத் தோன்றுகிறது. தாவர எண்ணெயிலிருந்து தொழிற்பொருள் என்பதுதான் உங்கள் நோக்கமென்றால் ஆமணக்கு ஒன்றே வழியன்று. ஒலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் 80 சதவீதத்துக்கு மேல் உள்ள சூரியகாந்தி இருக்கிறது. 1976இல் சோவியத் நாட்டில் வந்த பெர்வெனெட்ஸ் என்ற இரகத்திலிருந்து கிளைத்தவை அவை. அந்த எண்ணெய் எளிதில் கெடாது. மசகு எண்ணெய்க்கும் ஆகும், தொழிற்சாலை வாங்காவிட்டால் சமையலுக்கும் ஆகும். பாமாயிலை இறக்குமதி செய்யும் நாட்டில் இந்த இரண்டாவது வாசல் பெரிய பாதுகாப்பு. அருகிலுள்ள சாதாரணச் சூரியகாந்தியின் மகரந்தம் தேனீ வழியாகக் கலந்தால் அந்தத் தன்மை குறைந்துவிடும் என்பதால் ஊரோடு பேசி ஒரே இரகமாகப் போட வேண்டியிருக்கும். இன்னொன்று ரப்பர் விதை. மோன் மாநிலத்துத் தோட்டங்களில் அது ஒவ்வோர் ஆண்டும் மழையில் விழுந்து மக்குகிறது. புது நிலம் ஓர் அங்குலமும் வேண்டாம். அதன் எண்ணெய் பெயின்ட் பிசினுக்கு ஆகும் என்பதை நான் செய்து பார்த்திருக்கிறேன். ஆனால் ஈரத்தரையில் கிடந்த விதையில் அமில எண் சில வாரத்திலேயே ஏறிவிடுகிறது. பொறுக்கிய இரண்டு மூன்று நாளுக்குள் சூடேற்றி உலர்த்தும் ஓர் அடுப்பு தோட்டத்திலேயே இருந்தால் அந்தச் சிக்கல் தீரும். அந்த மாநிலத்தின் தாட்டோன் பக்கம் உங்களுக்கு உறவினர் இருந்தால் இதை அவர்களிடம் சொல்லுங்கள்.

உங்கள் நிலத்துக்கு நான் சொல்வது இதுதான், தம்பி. வரும் அக்டோபரில் பன்னிரண்டு குடும்பத்துக்கும் பொதுவாக இரண்டு ஏக்கர் மட்டும் ஒதுக்குங்கள். நீர் தேங்காத சரிவாகப் பாருங்கள். பாதியில் ஓர் இரகம், பாதியில் இன்னொன்று, பக்கத்திலேயே ஒப்பிட உளுந்து. விதைப்பதற்கு முன்பே சாயப்பட்டறைக்காரர் இருவரிடமும் சோப்புக்காரர் ஒருவரிடமும் பேசி, எந்தத் தரத்தில், எவ்வளவு, என்ன விலைக்கு வாங்குவார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று மூவரும் சொன்னால் விதைக்காதீர்கள். விதைத்தால், ஒவ்வொரு முறை பறிக்கும்போதும் எத்தனை பேர் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். இரண்டு பருவம் முடிந்த பிறகு விளைச்சலோடு அந்த நோட்டையும் சேர்த்து இங்கே எழுதுங்கள். 2000 ஏக்கரைப் பற்றி அப்போது என்னால் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியும்.